மீன் தொட்டி அனுப்பும் எஸ்எம்எஸ்

திகனவில் கலவரம், கடைகளுக்குத் தீ வைக்கிறார்கள் என்றதும் அங்கிருந்த எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊரிலுள்ள மாமி வீட்டுக்கு வந்தோம். இரண்டு நாளாக ஊரடங்கு.

கடல்மீன் தொட்டியை மட்டும் கொண்டுவர முடியவில்லை. அதன் மோட்டரையும் லைட்டையும் நான் பொருத்திய மைக்ரோ கன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சிப் பார்த்துக்கொள்கிறது. மணிக்கொரு தடவை தண்ணீரின் சூட்டை எனக்கு எஸ்எம்எஸ் அனுப்பும்.

"மீனுக்கும் போனா?" என்று முன்பு சிரித்த மாமி, இப்போது என் போன் சத்தம் கேட்டாலே ஓடி வருகிறார். செய்தி வந்தால் வீடு இருக்கிறது.

காலையில் இருபத்தாறு டிகிரி. பகல் இருபத்தெட்டு. இப்போது முப்பத்தொன்று.

"நெருப்பா மகன்?"

"இல்ல மாமி, ஜன்னலெல்லாம் பூட்டித்தானே வந்த. அந்தச் சூடு."

சொல்லிவிட்டேன். ஆனால் உட்கார முடியவில்லை.

திகனப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், இன்று அங்கே நல்ல வெயில்தானே?