உப்பு குறைந்த விருந்து

புது வீட்டுக்கு போர்வெல் போட மாட்டேன் என்றேன். ஆம்பூர்ப் பக்கம் இப்படிச் சொன்னால், வீட்டுக்குக் கதவே வேண்டாம் என்றதுபோல் பார்ப்பார்கள். எங்கள் தெரு போர் தண்ணீரின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். தோல் ஆலைக் கழிவு மண்ணில் இறங்கி இறங்கி, நாக்கில் பட்டாலே கரிக்கும். கரிப்பு கூடினால் இன்னும் ஆழமாகத் துளை போடுவார்கள், அவ்வளவுதான். கேன் தண்ணீர் குடிக்க மட்டும். சமையலெல்லாம் அந்தக் கரிப்பில்தான். நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவள். தோல்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதற்காக அந்தத் தண்ணீரையும் சகித்துக்கொள்ள வேண்டும் என்று எவன் எழுதிவைத்தான்?

கூடத்துக்கு அடியில் பெரிய தொட்டி கட்டினேன். மாடியில் விழும் மழை மணலும் கரியும் போட்ட வடிகட்டி வழியாக அதில் இறங்கும். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். என் கணவரின் அண்ணனுக்கு இதெல்லாம் படித்த திமிராகப் பட்டது. "மழ பெய்யலன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு, என்னைக் கேட்காமலே போர் வண்டிக்குச் சொல்லிவிட்டார். கிரகப்பிரவேசம் முடிந்த திங்கட்கிழமை வண்டி வரும். அண்ணன் பேச்சுக்கு என் கணவர் மறுபேச்சு பேசியதே கிடையாது.

விருந்துக்குத் தொட்டித் தண்ணீரில்தான் சமைக்க வேண்டும் என்று சமையல்காரரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். பந்தியில் முதல் வாயிலேயே கணவரின் அண்ணன் கையை எடுத்துவிட்டார். சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் சப்பென்று இருந்தன. இதுதான் மழைத்தண்ணீர் ருசி என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எப்பவும் போட்ற உப்புதாம்மா போட்டேன்" என்றார் அவர்.

அப்போதுதான் விளங்கியது. இந்த ஊர்த் தண்ணீரில் சமைத்துப் பழகிய கை, உப்பைத் தானாகவே குறைத்துத்தான் போடும். கோபம் போய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சாம்பார்ல உப்பு கம்மிதான், மாமா. மீதி உப்ப இத்தன வருஷமா தண்ணியிலயே தின்னுகினு இருந்தோம்."

சோறு பரிமாறிக்கொண்டிருந்த என் கணவர் வாளியைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அண்ணன் எதிரிலேயே போர்க்காரரை அழைத்தார்.

"திங்கக்கிழம வண்டி வேணாம்" என்றார்.

அண்ணன்காரர் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. என்னைப் பார்க்காமலே உப்பு கேட்டார்.