வெள்ளிக்கிழமைகளில் பழுதாகும் பிரிட்ஜ்

காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற சில்லு வீடு இருக்கிறதே, அந்தக் கரவனின் பிரிட்ஜைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினெட்டு வருடமாக ஓக்லாந்தில் அந்தச் சனியனைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். வீட்டுப் பிரிட்ஜ் போல அதற்குள் மோட்டார் கிடையாது. காஸோ கரண்டோ கொடுக்கிற சூட்டில்தான் அது குளிர வேண்டும். கொஞ்சம் சரிந்து நின்றால் கோபித்துக்கொள்ளும். முதுகுப்புறம் காற்று வராவிட்டால் கோபித்துக்கொள்ளும். சூடான சட்டி ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் ஒரு நாள் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாப்பிள்ளை வீட்டாரைக்கூடச் சமாளித்துவிடலாம், இதைச் சமாளிக்க ஏலாது.

இப்போது சொல்லப்போவது ஆனந்தராசா அண்ணையின் கதை. அதில் நான் செய்த பிழையும் இருக்கிறது. சொல்லாமல் வைத்திருக்க மனம் கேட்கவில்லை.

அண்ணைக்கு அறுபத்திரண்டு வயது. சுன்னாகத்துக்காரர். கலியாணம் கட்டவில்லை. இந்த ஊரில் பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டினார். சலரோகத்துக்கு இன்சுலின் ஊசி தொடங்கிய மாதமே, ஓடும்போது தலை சுற்றினால் சனத்தின் கதி என்ன என்று தானாகவே வேலையை விட்டார். யாரும் விடச் சொல்லவில்லை. மனுகாவில் அவர் இருந்த யூனிட்டை வீட்டுக்காரன் விற்றபோது ஒரு பழைய கரவனை வாங்கி, பிளாக்ஹவுஸ் பேயில் தங்கை ரதிதேவியின் வீட்டுக்குக் கார் போகிற டிரைவேயில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“ரண்டு மாசம்தான் ரதி. பிறகு வடக்கால போய் ஒவ்வொரு கடற்கரையா நிண்டு பாக்கப்போறன்” என்றாராம்.

அது நாலு வருடத்துக்கு முந்திய பேச்சு. அடுத்த வருடமே ரதியக்காவின் கணவர், நாய் றோட்டுக்கு ஓடுகிறது என்று முன்பக்கம் வேலி அடித்துக் கேற் போட்டார். கேற் கார் போகிற அகலம். கரவன் அதைவிட அரை முழம் கூட. சில்லு இருக்கிறது, வெளியே போக வழியில்லை. எனக்கு என்றால் வேலியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அண்ணையோ, “நாயும் பாவம்தானே” என்றார்.

சமையல், குளியல், நித்திரை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். வீட்டுக் கதவின் திறப்பு அவரிடம் இல்லை. அவர்கள் கொடுக்கவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. “ஒரு சொட்டுத் தண்ணிக்கும் நான் அவையின்ர கதவு தட்டுறேல்ல, சிறில்” என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய முதுகு நிமிரும். மூன்று மாதத்துக்கான இன்சுலின் கரவன் பிரிட்ஜின் மேல்தட்டில் அடுக்கி இருக்கும். அந்தப் பிரிட்ஜ் ஓடுகிற வரைக்கும் தான் ஒருவருக்கும் பாரமில்லை என்பது அவருடைய எண்ணம்.

அந்தப் பிரிட்ஜ்தான் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“தம்பி, திரும்பவும் கூல் இல்லை” என்று போன் வரும். நான் அடுத்த நாள் பின்னேரம் போவேன். அந்த டிரைவே சரிவு, ஆகவே சில்லுக்குக் கீழே பலகை கொடுத்து ரசமட்டம் வைத்து நேராக்கினேன். பேர்னரைக் கழற்றித் துப்புரவாக்கினேன். பின்னால் ஒரு சின்னக் காற்றாடி பூட்டினேன். கதவின் ரப்பரை மாற்றினேன். நான் நிற்கும்போது பிரிட்ஜ் நல்ல பிள்ளையாகக் குளிரும். இரண்டு மூன்று கிழமை போகத் திரும்பவும் போன்.

“அண்ணை, என்ர பேரைக் கெடுக்கிறதுக்கெண்டே இதை வாங்கினீங்களோ?” என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினார்.

போன ஒக்டோபரில் அண்ணை நூலகத்துக்கு நடந்து போகும் வழியில் விழுந்துவிட்டார். இரத்தத்தில் சீனி இருபத்தேழு; இந்த நாட்டுக் கணக்கில் பத்தைத் தாண்டினாலே கூட. ஆஸ்பத்திரியில் தாதி கேட்ட முதல் கேள்வி, இன்சுலின் எங்கே வைத்திருந்தீர்கள் என்பதுதான். மிச்ச இன்சுலின் ஊசிப் பேனாக்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உறைந்து கெட்டுப்போனவை. அவற்றைக் குத்துவதும் பச்சைத் தண்ணீரைக் குத்துவதும் ஒன்றுதான்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குளிரவில்லை என்று கூப்பிடுகிற பிரிட்ஜுக்குள் மருந்து எப்படி உறையும்? என் வேலைக் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். அவர் போன் பண்ணிய நாட்கள் ஏழு. ஏழும் வெள்ளிக்கிழமை. நான் போனது ஏழும் சனிக்கிழமை பின்னேரம்.

அவர் வீடு திரும்பிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் போய் நின்றேன். அண்ணை கதவை மறைத்துக்கொண்டு நின்றார். தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பிரிட்ஜைத் திறந்தேன்.

ஐயோ கடவுளே! ஒரு பெரிய சட்டி நண்டுக் கறி. இரண்டு பெட்டி கோழி. ஒரு பை நிறைய இறால். காற்றுப் போக ஒரு விரல் இடமில்லை. எல்லாம் இளஞ்சூடு. குளிர் கூட்டுகிற திருகு கடைசி வரைக்கும் திருகிக் கிடந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த புது இன்சுலின் பின்சுவரோடு ஒட்டி நசிந்து கிடந்தது.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. ரதியக்கா வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. சட்டியில் மட்டுமல்ல, பிரிட்ஜுக்குள்ளும் இருக்கக்கூடாது. ஆகவே கறி மிஞ்சுகிற கிழமைகளில் வியாழன் இரவே எல்லாம் கரவனுக்கு வந்துவிடும். சனிக்கிழமை காலை திரும்பிப் போய்விடும். அது போனதும், அண்ணை கூட்டிவிட்ட திருகு அப்படியே இருக்க, வெறுமையான பிரிட்ஜ் முழு வேகத்தில் குளிர்ந்து, சுவரோடு கிடக்கிற மருந்தை உறைய வைக்கும். பின்னேரம் நான் போய், பிழையே இல்லாத பிரிட்ஜில் பிழை தேடுவேன். தவக்கால வெள்ளிகளில் மச்சம் தொடாத மன்னார் வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்கு இது விளங்க அரை வருடம் பிடித்திருக்கிறது, மரமண்டை!

“ஏன் அண்ணை சொல்லேல்ல?”

“என்னெண்டு சொல்லுறது? அவளின்ர வளவுக்குள்ள இருந்துகொண்டு, உன்ர நண்டுக்கு இடமில்லையெண்டு சொல்லுறதோ?”

“பிறகேன் எனக்குப் போன் பண்ணினீங்கள்?”

“நீ கெட்டிக்காரன். ரண்டையும் தாங்கிற மாதிரி ஏதும் செய்வாய் எண்டு பாத்தன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ரதிக்குச் சொல்லிப்போடாதை தம்பி. உன்னைக் கும்பிட்டன்.”

அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. நேரே போய் வீட்டின் பின்கதவைத் தட்டினேன். ரதியக்கா திருநீற்றுடன் வந்தா.

“அக்கா, உங்கட நண்டுக் கறி உங்கட அண்ணையைக் கொல்லப் பாத்திருக்கு!” என்று தொடங்கி, ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அந்த மனுசி நடித்து அழவில்லை. உண்மையாகவே விம்மி விம்மி அழுதா. “ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணா! நான் என்ன ராட்சசியே?” என்று கரவனுக்குள் ஓடிப்போய் இன்சுலின் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தா. “இனி எல்லாம் வீட்டுப் பிரிட்ஜுக்குள்ள இருக்கட்டும். பாவிக்கிற பேனாவும் இஞ்சதான். காலமையும் பின்னேரமும் வந்து, எனக்கு முன்னால நம்பர் பாத்துக் குத்திப்போட்டுப் போங்கோ. இனி உங்களை நம்ப மாட்டன்.”

“அதுதான் சரி அக்கா. வீட்டுப் பிரிட்ஜ் எண்டால் நம்பலாம்” என்றேன். தொழில் தெரிந்தவன் சொல்கிறேன் என்ற பெருமை வேறு. அண்ணை கரவன் படியில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

ஒரு மாதம் கழிந்து, ஒரு லீவு நாள் காலை வெஸ்ட்கேட்டில் ஒரு வேலைக்குப் புறப்பட்டவன், முதலில் அண்ணையை எட்டிப் பார்ப்போம் என்று அங்கே போனேன். ஏழரை மணி. மழை தூறியது. அவர் பின்கதவின் கூரைக்குக் கீழே, தலை சீவி, சேட்டின் மேல்பட்டன் வரை பூட்டி நின்றார். வீட்டில் எல்லாத் திரையும் மூடிக் கிடந்தது.

“எவ்வளவு நேரமா நிக்கிறீங்கள்?”

“ஆறு மணியிலயிருந்து. காலமை ஊசி குத்தவேணும். லீவு நாள்தானே, ஆறுதலா எழும்பட்டும்.”

“பிரிட்ஜ் எப்பிடி?”

“அச்சா! அதுக்குப் பிறகு ஒரு பிழையுமில்லை. போய்ப் பாரன்.”

போய்ப் பார்த்தேன். நாலு பாகை. நான் பூட்டிய காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. மருந்து வீட்டுக்குப் போனதால், கிழமை முழுக்க வீட்டு மச்சம் எல்லாம் இப்போது அதற்குள்தான், அளவாக, ஆறவிட்டு, பெட்டி பெட்டியாக. அண்ணையுடைய சாமான் என்று ஒரு பால் போத்தல் மட்டும் கதவில் நின்றது. ஒருவரின் கதவையும் தட்டாமல் இருந்தது ஒன்றுதான் அந்த மனுசனிடம் மிச்சமிருந்தது; அதையும் நான்தான் பிடுங்கிக் கொடுத்திருக்கிறேன்.

திரும்பி வந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நீ தட்டாதை. நான் தட்டுறன்.”

அவர் கையைத் தூக்கி, கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, திரும்பவும் கீழே இறக்கினார். “இன்னும் ஒரு பத்து நிமிசம் பாப்பம்” என்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.