எங்கள் அணியின் ரகசிய பாஷை

அப்பாவின் காரியத்தன்று நரைத்த தாடியோடு ஒரு சர்தார்ஜி வந்திருந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "குடுத்துட்டு ஓடுலே" என்றார். ஊரிலிருந்து வந்திருந்த உறவுக்காரர்கள் திகைத்துப்போனார்கள். அவருக்குத் தெரிந்த தமிழே ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவும் அப்பா உபயம்.

அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. பாளையங்கோட்டையில் கல்லூரிக் காலத்தில் கூடைப்பந்து ஆடியவர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் பார்க் மூலையில் இரண்டு கம்பங்களை நட்டு, காலனிப் பையன்களைச் சேர்த்துக்கொண்டார். டில்லிக் குளிரில் குரங்குக் குல்லாவோடு விடிகாலையிலேயே விசில் ஊதுவார். அக்கம்பக்கத்தார் திட்டினால் காதில் வாங்கிக்கொள்ளமாட்டார். பயிற்சியை விட்டுவிட்டு ஒரு கல்யாணம் காட்சிக்குக்கூட வரமாட்டார் என்று அம்மாவுக்குத் தீராத குறை.

அப்பாவின் குறை நான். தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்வேன். நண்பர்கள் முன்னால் "ஏலே" என்று கூப்பிடவே கூடாது என்று அவருக்குத் தடை போட்டிருந்தேன். மதராஸி என்று கேலி செய்வார்களே என்ற பயம். அவர் என்னோடு சண்டை போடவில்லை. ஆனால் வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

எனக்குப் பதினோரு வயதாகும்போது காலனிகளுக்கிடையே ஒரு போட்டி வந்தது. அப்பா எங்களை உட்காரவைத்து, இனி ஆட்டத்தில் எல்லாம் தமிழில்தான், எதிரணிக்கு ஒரு மண்ணும் புரியாது என்றார். பையன்கள் குதித்தார்கள். உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கே தெரியாததை ராத்திரி அப்பாவிடம் கேட்டு வைத்துக்கொள்வேன். சர்தார் பையனும் வங்காளிப் பையனும் "உள்ள போ", "மேல போடு", "குடுத்துட்டு ஓடுலே" என்று கத்த, எதிரணிகள் முழித்தன. வரிசையாக ஜெயித்தோம். மதராஸி என்பது போய், நான் உஸ்தாத் ஆகிவிட்டேன்.

இறுதி ஆட்டத்தில் வந்தது வினை. எதிரணித் தலைவன் ஒரு நர்ஸம்மாவின் மகன், நாகர்கோவில்காரன். நாங்கள் வாயைத் திறந்ததும் அவன் தன் ஆட்களுக்கு ஹிந்தியில் எடுத்துச் சொல்லிவிடுவான். இடைவேளையில் அப்பாவிடம் ஓடினேன். தமிழை விட்டுவிட்டுக் கைஜாடையில் ஆடலாம் என்று கெஞ்சினேன்.

"இப்ப மாத்துனா பயலுவ குழம்பிருவானுவ. தமிழ்லயே ஆடுங்கலே. தோத்தா தோத்துட்டுப் போறோம்" என்றார்.

தோற்றோம். சர்தார் பையன் அழுதேவிட்டான். அப்பாவோ அந்த நாகர்கோவில் பையனின் தோளில் கைபோட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில் ஏறியதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். உங்களால்தான் தோற்றோம், என் பேச்சைக் கேட்டிருந்தால் கோப்பை நம் கையில் இருக்கும், பெரிய கோச் என்று எவன் சொன்னான் என்று பொரிந்து தள்ளினேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி வீடுவரை நடந்தபோதும் நிறுத்தவில்லை. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டார். சிரித்த முகமாகவே வந்தார். கதவைத் திறந்த அம்மாவிடம், "இவன் பேசுதத கேட்டியா" என்றார், ஏதோ பரிசு வாங்கி வந்தவர்போல.

கோப்பையைப் பறிகொடுத்துவிட்டு இந்த மனிதருக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பஸ் ஏறியதிலிருந்து அத்தனை சண்டையையும் தமிழிலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.