ஆறிப்போன சாயத்தண்ணி

எனக்கு ஓரிடத்துல உக்காரத் தெரியாது. பதுளையில எங்க கடைக்கு வர்ற எல்லாருக்கும் அது தெரியும். கல்லாவுல இருந்தா கால் ஆடும், சாமான் கட்டினா வாய் ஓடும். அக்காவுக்கோ உக்காரத்தான் தெரியும். அவ செத்து மூணு மாசமாகுது. போன் அடிச்சா அவதான்னு எந்திரிச்சுப் பாதி தூரம் போயிடறேன், அப்புறம் போன காரியம் மறந்த மாதிரி கடைக்குள்ளயே சுத்தறேன்.

அக்கான்னா கூடப் பொறந்தவ இல்ல. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துல, தாய்மார் கொழுந்து பறிக்கப் போற நேரம் கைக்குழந்தைகளப் பாத்துக்கிற புள்ளைக் காம்பராவுல வேலை செஞ்சவ. அவ தூக்கி வளர்த்த புள்ள எதுவும் பள்ளிக்கூடத்த விட்டு நின்னா அவளுக்குப் பொறுக்காது. கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் போறாங்கன்னு காதுல விழுந்தா, அன்னிக்கே அவங்க குடியிருக்கிற லயத்து வீட்டுக்குப் போயிடுவா. அப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கமிருந்தும் ஆள் அனுப்புவாங்க. தூரமா இருந்தா கடைய எங்க வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டு நானும் துணைக்குக் கிளம்புவேன்.

அவ செய்யறது ஒண்ணே ஒண்ணுதான். போயி உக்காருவா. பால் விடாத சாயத்தண்ணி குடுப்பாங்க. எவ்வளவு இல்லாத வீடா இருந்தாலும் வந்தவங்களுக்கு அது உண்டு. வாங்கிப் பக்கத்துல வச்சுக்குவா, தொட மாட்டா. குடிங்கக்கான்னா, புள்ளையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லு, குடிக்கிறேன்னுவா. அதுக்கப்புறம் மழையப் பத்தி, மாட்டப் பத்தித்தான் பேச்சு. கிளாஸ் அங்கயே இருக்கும். வீடு தேடி வந்தவ தொண்டை நனையாம உக்காந்திருந்தா எந்த வீட்டுக்காரனுக்குத் தாங்கும்? பொழுது சாயறதுக்குள்ள, பள்ளிக்கூடத்துக்கே அனுப்பறோம்னு வார்த்தை வந்துரும். மிச்சம் வைக்காமக் குடிச்சிட்டு எந்திரிப்பா.

எனக்கோ பத்திக்கிட்டு வரும். நாலு கேள்வி கேட்டா முடிஞ்சு போற விஷயம்னு முணுமுணுப்பேன். "செருப்போட சேத்து உன் வாயையும் வெளியில விட்டுட்டு வா"ன்னு வாசல்லயே சொல்லிடுவா. இதே மகராசிக்கு எங்க வீட்டுக்கு வந்தா மட்டும் தேத்தண்ணி கொதிக்கக் கொதிக்க வேணும். துளி சூடு குறைஞ்சாலும் திருப்பி அடுப்புல வைக்கச் சொல்லுவா.

கடைசியா அவ போயி உக்காந்தது பக்கத்து லயத்துல. நல்லாப் படிக்கிற பொண்ணு, பதினாலு வயசு. யோசிச்சுச் சொல்றேன்னு அப்பன்காரன் இழுத்துக்கிட்டே இருந்தான். அன்னிக்கு மட்டும் கிளாஸ அப்படியே விட்டுட்டு எந்திரிச்சு வந்தாளாம். நெஞ்சு வலிக்குதுன்னிருக்கா. அந்த வாரமே போயிட்டா.

அக்கா சாவு வீட்டுக்குப் போனப்ப அந்தப் பொண்ணு பீலியில விழற தண்ணியில கிளாஸ் கழுவிக்கிட்டிருந்தா. கருமாதிக்கு வரணுமே, என்னிக்குன்னு கேட்டேன்.

"தெரியலங்கத்தை. அன்னிக்கு நான் இங்க இருக்க மாட்டேன். நாளைக்கு விடிய பஸ்ஸுல கொழும்புக்கு." தலைய நிமித்தாமயே சொன்னா.

பாவி மனுசன், அக்கா கண்ண மூடட்டும்னு காத்திருந்தானான்னு எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. அவ அப்பனத் தேடிப் போனேன். அங்க ஓடியாடி நின்னதே அவன்தான். பந்தல் கட்டினது அவன், தப்படிக்கிறவங்களக் கூட்டிட்டு வந்தது அவன், வந்தவங்களுக்குத் தட்டுல சாயத்தண்ணி நீட்டறதும் அவன். கேள்வி நாக்கு நுனிக்கு வந்துருச்சு. அக்கா நடுவுல படுத்திருந்தா. செருப்பக் கழட்டிட்டுப் பொம்பளைங்களோட பாயில போயி உக்காந்தேன்.

தட்டு வந்துச்சு. ஒரு கிளாஸ எடுத்துப் பக்கத்துல வச்சேன்.

"குடிங்கம்மா, ஆறிடும்"னான்.

"புள்ளையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுப்பா, குடிக்கிறேன்."

அவன் மொகம் வெளுத்துப் போச்சு. அடுத்த ஆள்கிட்டத் தட்டைக் கொண்டு போனான்.

உக்காந்திருந்தேன். கால் மரத்துச்சு, இடுப்பு வலிச்சுது. பொம்பளைங்க என்னையும் பாத்தாங்க, கிளாஸையும் பாத்தாங்க. அவங்களுக்குத் தெரியாத வித்தையா? அக்காவுக்கே மசியாதவன் கடைக்காரிக்கு மசிவானா, எந்திரிச்சுக் கத்தித் தொலைச்சுடலாமான்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. பொணத்தை எடுத்தாங்க, அவனும் தோள் குடுத்தான். பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறதில்ல, நாங்க நின்னுட்டோம். வீட்டக் கழுவி விட்டாங்க. தண்ணி வர்றப்ப கிளாஸத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வடிஞ்சதும் அதே இடத்துல வச்சுட்டு ஈரத் தரையிலயே உக்காந்தேன்.

ஆம்பளைங்க தலை முழுகிட்டுத் திரும்பினாங்க. அவன் சொட்டச் சொட்ட வாசல்ல வந்து நின்னான். கிளாஸையே பாத்துக்கிட்டிருந்தான்.

"அக்கா கடைசியா என் வீட்டுலதாம்மா குடிக்காமப் போனாங்க"ன்னான். மகளக் கூப்பிட்டு, பஸ்ஸுக்குப் போக வேணாம், நாளைக்குப் பள்ளிக்கூடம் போன்னு எல்லாரும் கேக்கச் சொன்னான்.

அவ ஈரக் கைய பாவாடையில தொடச்சுக்கிட்டு, வேற சூடா ஊத்தித் தரேங்கத்தைன்னு கிளாஸுக்குக் கை நீட்டினா. நான் குடுக்கல. அக்கா ஒரு வீட்டுலயும் மாத்தி வாங்கினவ இல்ல. எடுத்து வாயில வச்சேன். சில்லுன்னு ஒரே கசப்பு, தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது. அடிப்பாவி, கொதிக்கக் கொதிக்கக் கேட்டவளே, இத்தனை வீட்டுலயும் இதையாடி குடிச்சே? அதுவரைக்கும் சொட்டுக் கண்ணீர் விடாதவ, மிச்சம் வைக்காமக் குடிச்சு முடிச்சிட்டு, வாய்விட்டு அழுதேன்.