சிவப்பு அம்பு ஒட்டிய நாட்கள்

சட்டையில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. தையல் பிசகினாலோ பொத்தான் தொங்கினாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்பு ஒட்டிய எதுவும் அந்த அறையைத் தாண்டக்கூடாது என்பது சூப்பர்வைசர் போட்ட விதி. தொழிற்சாலையில் அவளுக்குப் பெயரே அம்புக்காரிதான்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஆறு வருஷம் கருத்தடை மாத்திரை விழுங்கினாள். அப்புறம் போதுமடா சாமி என்று குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டாள். கணவர் செய்துகொண்டிருந்தால் வேலை இன்னும் சுலபம். ஆனால் அவர், "நான் வெயிட் தூக்குற உடம்புடி" என்றுவிட்டார். அவர் ஜெராக்ஸ் கடைக்காரர். தூக்குகிற பெரிய பாரம் ஒரு கட்டுக் காகிதம்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு நாள் மாதவிலக்கு ஒன்பது நாளானது. தொழிற்சாலையிலோ முப்பது பெண்களுக்கு ஒரே மரப்பலகை. அது கையில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம்.

"என்னம்மா, ஒரே நாள்ல பதினோரு தடவை? உள்ள என்ன சினிமாவா ஓடுது?" என்றார் சூப்பர்வைசர். இரண்டு மெமோ வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

"நரம்பை வெட்டிட்டாங்கல்ல, அப்படித்தான் கொட்டும்" என்றார் மாமியார். எந்த நரம்பு என்று கேட்டதற்கு, "எல்லா நரம்பும்தான்" என்றார்.

"ஆபரேஷனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார் டாக்டரம்மா, தலை நிமிராமல் இரும்புச்சத்து மாத்திரை எழுதியபடி.

ஆக, இரண்டு கட்சி. எல்லாம் ஆபரேஷனால்தான் என்றது ஒன்று, இல்லவே இல்லை என்றது மற்றொன்று. கணவர் டாக்டரம்மா கட்சி. அவளைப் பரிசோதிக்கத் தேவையில்லை என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் அப்படியொரு ஒற்றுமை!

ஒருநாள் மேஜையிலேயே மயங்கிச் சரிந்தாள். மறுநாள் வீட்டுக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு டாக்டரிடம் போனாள். உதிரம் போன நாளிலெல்லாம் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

"ஒரு சட்டையில இத்தனை அம்பு இருந்தா நாங்க பிரிச்சுப் பார்ப்போம் டாக்டர். நீங்க தடவிக்கூடப் பார்க்கலியே?"

பேனா நின்றது. தலை நிமிர்ந்தது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டியா?"

"ஆறு வருஷம். ஆபரேஷனோட நிறுத்திட்டேன்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே."

ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. "ஆபரேஷனால வந்தது இல்ல. முன்னாடியே இருந்திருக்கலாம். மாத்திரை உதிரப்போக்கைக் குறைச்சு வச்சிருந்திருக்கும், நிறுத்தினதும் வெளிய தெரிஞ்சிருக்கு. வைத்தியம் பார்த்துக்கலாம்" என்ற டாக்டர், தொழிற்சாலைக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்.

"பார்த்தியா, ஆபரேஷன் மேல தப்பில்லன்னு நான் அப்பவே சொன்னேன்!" என்று கணவர் குதித்தார். தானே கத்தி பிடித்து அறுத்ததைப் போல அத்தனை பெருமை.

தொழிற்சாலையில் மூன்றாவது மெமோ தயாராக இருந்தது. 'காரணம்: வேலையில் அலட்சியம்.' அம்புக்காரி நிதானமாகப் படித்தாள். கடைசிச் சொல்லின் மேல் ஓர் அம்பை ஒட்டினாள். டாக்டர் கடிதத்தோடு சேர்த்து சூப்பர்வைசரிடமே நீட்டினாள்.

"என்னம்மா இது?"

"குறை இருக்கு சார். உங்க விதிதானே?"

அவர் கடிதத்தை இருமுறை படித்தார். மெமோ அறையைத் தாண்டவில்லை.