பஸ் அக்காவின் தலைக்கணக்கு

ஸ்டேஷனில் எல்லோருக்கும் அவள் 'பஸ் அக்கா'தான். இருபத்திரண்டு வருட ரயில்வே வேலையில் பாதி, ரயில் ஓடாத நாட்களில் ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்ட வேலை. தண்டவாளம் மாற்றுகிறார்கள், பாலத்தைப் பழுது பார்க்கிறார்கள் என்று ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். யார் படிக்கிறார்கள்? அன்றைக்குக் காலையில் பெட்டியும் கையுமாக வந்து நின்று, சொல்லவே இல்லையே என்று சண்டைக்கு வருவார்கள். அக்கா அசரமாட்டாள். "ரயில் இல்லை" என்று அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. "பஸ் ரெடியா நிக்குது, ஏறுங்க!" என்பாள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

ஏறியவர்களைத் தலை எண்ணுவாள். பஸ் போய்ச் சேரும், பாலத்துக்கு அந்தப்பக்க ஸ்டேஷனின் மாஸ்டருக்குப் போன் செய்து எண்ணிக்கையைச் சொல்வாள். அத்தனை பேரும் ஏறினால்தான் அவர் அங்கே நிற்கும் ரயிலை விடுவார். டிரைவரும், அவர் பக்கத்து சீட்டில் உட்காரும் ரயில்வே ஊழியர்களும் கணக்கில் சேர்த்தி இல்லை. நம்ம ஆட்களை யாராவது எண்ணுவார்களா?

இந்தத் தடவை பால வேலை பத்து நாள். ஐந்தாம் நாள் அவளுடைய அண்ணன் மகளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்கு இன்டர்வியூ, பதினொரு மணிக்கு. மூன்று வருடம் காத்திருந்து வந்த ஒரே அழைப்பு. அண்ணி கார் பிடிக்கலாம் என்றாள்.

"நான் இருக்கும்போது கார் எதுக்கு அண்ணி? ஒன்பது நாற்பது ரயில்ல அவளை ஏத்துறது என் பொறுப்பு" என்று மார்தட்டினாள் அக்கா. அதை விட்டால் அடுத்த ரயில் ஒரு மணிக்குத்தான்.

அன்று பெண்ணை டிரைவர் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தாள். கிளம்பும் நேரத்தில், காலில் மாவுக்கட்டோடு ஒரு அம்மாள் நொண்டிக்கொண்டே வந்தாள்.

"அத்தை, லேட்டாகுது..."

"அவங்களை விட்டுட்டு பஸ் நகராது. நீயே கூட இருந்து ரயில்ல ஏத்திவிடு."

பஸ் போனது. "நாற்பது தலை சார்" என்று போனில் சொல்லிவிட்டு, நோட்டில் குறிக்கும்போதுதான் உறைத்தது. வழக்கம்போல டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து எண்ணியிருக்கிறாள். அண்ணன் மகள் கணக்கிலேயே இல்லை! மாஸ்டருக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தாள். மணி அடித்ததே தவிர எடுப்பாரில்லை. அண்ணியின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒன்பது நாற்பத்தைந்துக்கு மாஸ்டரே கூப்பிட்டார்.

"அக்கா, நாற்பதாவதா மாவுக்கட்டு அம்மா ஏறிட்டாங்க. நான் கொடியைத் தூக்கிட்டேன். அவங்க பையை எடுக்க பஸ்ஸுக்கு ஓடின பொண்ணு ஒண்ணு அங்கேயிருந்தே கத்துது. 'சார், நிறுத்துங்க! பஸ் அக்கா என் அத்தை. என்னை எண்ணியிருக்கவே மாட்டாங்க. நான் நாற்பத்தொண்ணு!'"

"ஏறிட்டாளா சார்?"

"ஏறாம? ரயில்தான் நாலு நிமிஷம் லேட். காரணம் என்ன எழுத?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"பஸ் அக்கா ஊரையெல்லாம் எண்ணிட்டு, தன் வீட்டுப் பொண்ணை எண்ண மறந்துட்டாள்னு எழுதுங்க சார்."

அடுத்த பஸ்ஸில் டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.