மான் தின்ற சோளம்

பழங்கால எலும்புகளை ஆராயும் கூடத்தில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கறிக்கடைக்காரர் மகள். தோண்டி எடுத்த எலும்பைக் கழுவி, பல்லைப் பார்த்து வயது பிரித்துப் பெட்டியில் போடுவது பத்தொன்பது வருஷ வேலை. நிரந்தரம் இல்லை. வருஷா வருஷம் இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

இயக்குநர் பெரிய வேட்டைக்காரர், காகிதத்தில். அந்தக் காலத்து ஜனங்கள் காடு காடாக மானைத் துரத்திக் கொன்றார்கள் என்று தலையணை தடிமனுக்குப் புத்தகம் போட்டவர். நேரில் ஒரு கரப்பான் பறந்தால் நாற்காலிமேல் ஏறிவிடுவார்.

வெளியூர்ச் சோதனைக்கூடத்திலிருந்து ஒரு நாள் முடிவு வந்தது. அனுப்பிய பத்து மான் தாடையில் எட்டு, சோளம் தின்று வளர்ந்த மானுடையது. காட்டுக்குள் யார் சோளம் விதைத்தார்கள்? புத்தகம் ஆட்டம் கண்டது. ஐயா மூளையைக் கசக்கிப் பிழிந்தார். சொட்டியது பல்லக்காவின் சோளச்சோற்று டப்பா.

"சோளத்தைத் தின்னுக்கிட்டே எலும்பைத் தொட்டிருக்க. அது ஒட்டிக்கிச்சு. அடுத்த வருஷம் உனக்குக் கையெழுத்து கிடையாது."

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "சார், மேல ஒட்டினது கழுவினா போயிடும். அவங்க துளை போட்டு உள்ள பாத்திருக்காங்க. அது மான் உசுரோட இருந்தப்ப தின்னது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி போய் நானா ஊட்டி விட்டேன்?"

"எதிர்த்துப் பேசாத."

"பேசல. பெட்டியைப் பாருங்க. முக்கால்வாசி ரெண்டு வயசுக் கெடா. எங்கப்பா கடைக்கும் அப்படித்தான் வரும். குட்டி போடறத வச்சுக்கிட்டு கெடாவத்தான் தள்ளிவிடுவாங்க. ஓடற மானை வயசு கேட்டா அம்பு விடுவான்? அதோ, உடைக்காத மண்கட்டி கெடக்கு. உள்ள ஒரு தாடை. நான் தொட்டதே இல்ல. நீங்களே உடைச்சு அனுப்புங்க. சோளம் இல்லேன்னா நானே கெளம்பிடறேன்."

உடைத்தார், விரலையும் சேர்த்து நசுக்கிக்கொண்டார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. அதுவும் சோளம்தான்.

வெட்கம் இருப்பவன் வாய் மூடியிருப்பான். இவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, மானைக் கட்டித் தீனி போட்டு வளர்த்தார்கள் என்று தாமே கண்டுபிடித்ததாக, கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டிப் பேசினார். கூட்டம் கலைந்ததும் அக்காவிடம் ஒப்பந்தத்தை நீட்டினார். "ஒரு வருஷம் போட்டிருக்கேன்."

"அஞ்சு போடுங்க சார். வாசல்ல அந்த நிருபர் தம்பி, மான் வளத்தாங்கன்னு மொதல்ல யார் சொன்னதுன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டிருக்காரு."

ஐயா ஒன்றை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். அக்கா இன்னொரு பிரதியிலும் எழுதச் சொன்னாள்.